லேப்ரடாரைத் தோட்டத்தில் விடலாமா?

13-09-2025 | மாடிவீடு

லேப்ரடார், பெண், 4 வயசு, கருத்தடை ஆகலை. சென்னையில் மூணாவது மாடி ஃப்ளாட். ஜனவரியில் வேலை ஜெர்மனிக்கு மாறுது. சத்தியமங்கலம் பக்கம் சொந்தக்காரர் தோட்டம், 6 ஏக்கர் தென்னை. "கொண்டாந்து விடு, சுதந்திரமா ஓடியாடும்" என்கிறார். ஃப்ளாட்டில் அடைஞ்சு கிடப்பதைவிட அது நாய்க்கு நல்லதுதானே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். திட்ட மட்டும் வந்தவர்கள் வரிசையில் நிற்கவும்.

13-09-2025 | தென்னந்தோப்பு

தோட்டத்துக்காரங்க நாயை எதுக்கு வெச்சிருக்காங்க? காவலுக்கு. ராத்திரி ஆடு மாடு அடைக்கற தொண்டுப்பட்டிப் பக்கம் ஆள் நடமாடுனா குலைக்கோணும். லேப்ரடார் வர்றவனுக்கு வாலாட்டி டார்ச்சையும் எடுத்துக் குடுக்கும். ஒரு மாசம் பார்ப்பாங்க. அப்புறம் "இது வேலைக்காகாது"ன்னு மோட்டார் ரூம் ஓரத்துல சங்கிலி. சங்கிலி நீளம் ஆறடி, தட்டுல சோறு, மத்தியானம் தகரக் கொட்டாய் நெழல்.

கட்டாம விட்டா வேற கதை. தோட்டத்துக் கெணத்துல பாதிக்குக் கைப்பிடிச் சுவர் கெடையாது, சுத்தியும் புல்லு மூடியிருக்கும். காடு ஒட்டின பக்கம் பன்னிக்கு அவுட்டுக்காய் வெக்கற ஆளுக இன்னமும் இருக்காங்க. தீனிக்குள்ள வெடிமருந்து, கடிச்சா தாடையே போயிரும். அப்புறம் எலி மருந்து, திருட்டுத்தனமா கரண்ட் விட்ட வேலி, கண்ணாடி விரியன். தோட்டத்துலயே பொறந்த நாய் தாய்கூடச் சுத்திச் சுத்தி இதுல பாதியைக் கத்துக்கும். லேப்ரடார் தரையில கெடக்கறதையெல்லாம் வாயில போட்டுப் பாக்குற சாதி. அதுக்குத் தோட்டத்துலதான் ஆபத்து ஜாஸ்தி.

13-09-2025 | கயிறு

மேலே சொன்னதோடு ஒன்று. நாய் ஏக்கர் கணக்குப் பார்ப்பதில்லை, ஆள் எங்கே என்றுதான் பார்க்கும். 6 ஏக்கரில் தனியாக விட்ட வீட்டு நாய் நாளெல்லாம் வாசற்படியில்தான் படுத்திருக்கும். காலை 40 நிமிடம், மாலை 40 நிமிடம் ஆளோடு நடக்கிற ஃப்ளாட் நாய்க்கு அதைவிட நல்ல வாழ்க்கை.

தெருவிலோ தோட்டத்திலோ விட்டுவிட்டுப் போனால் புதிய சட்டத்தில் 5 வருடம் சிறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

14-09-2025 | ஊசி

அந்த 5 வருடம் தவறு. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது பற்றியது. கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் வருகிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தட்டச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை அப்படியே நிற்கிறது.

அதே பிரிவில் யாரும் கவனிக்காத வரிகள் இரண்டு உண்டு. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை நீண்ட நேரம் கட்டி வைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக்கொண்டு போகாமல் இருப்பதும் குற்றம். மோட்டார் ரூம் சங்கிலி இந்த இரண்டிலும் மாட்டும்.

14-09-2025 | கயிறு

சரி, வாட்ஸாப்பில் வந்ததை நம்பி எழுதிவிட்டேன். வாபஸ்.

14-09-2025 | மாடிவீடு

தோட்டம் வேண்டாம், புரிஞ்சுது. அப்ப வேற வீடு பார்க்கணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது? "இலவசமாகத் தரப்படும், அன்பான குடும்பம் தேவை"ன்னு போட்டோவோட போட்டா போதுமா?

15-09-2025 | கயிறு

அந்த வாசகத்தை மட்டும் போடாதீர்கள். 4 வயது, கருத்தடை ஆகாத பெண் லேப்ரடார், இலவசம். இதைப் பார்த்து முதலில் போன் அடிப்பது குட்டி போடவைத்து விற்கிறவர்கள். குடும்பப் படம் அனுப்புவார்கள், குழந்தை பேசும், எல்லாம் நடக்கும். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளில் 18 மாதத்துக்கு முன் கூடாது, 8 வயதுக்கு மேல் கூடாது, ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. மொட்டைமாடிக் கூண்டில் யார் போய் எண்ணப்போகிறார்கள்?

எனவே முதல் வேலை கருத்தடை. ஆபரேஷன் முடிந்தது என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டுவிட்டால் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். மிச்சம் இருப்பவர்களிடம்தான் பேச்சு.

கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. பதிலை வைத்து ஆளைப் பிடிக்கும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆச்சு?" வயதாகி இறந்தது, இன்ன நோய், இன்ன டாக்டர் என்று சொன்னால் மேலே பேசலாம். "ஓடிப்போச்சு", "வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்", "வண்டியில அடிபட்டுடுச்சு" என்று வரிசையாக இரண்டு வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் போதாது. ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள், ராத்திரி எங்கே படுக்கும், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதெல்லாம் அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கேட்க வேண்டியவை. கேட் கம்பி இடைவெளியில் தலை நுழையுமா, மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவாவது இருக்கிறதா என்றும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். நாய் அவர்களோடு போகக் கூடாது, நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

15-09-2025 | ஊசி

கருத்தடை பற்றி. சூட்டில், அதாவது இனச்சேர்க்கைப் பருவத்தில், இருக்கும்போது செய்யாதீர்கள், ரத்தப்போக்கு அதிகமாகும். சூடு முடிந்து 2, 3 மாதம் விட்டுச் செய்வது வழக்கம். தையல் ஆற 10 முதல் 14 நாள், அதுவரை கழுத்தில் கூம்பு, குளியல் கிடையாது. புண் ஆறும் முன் வீடு மாற்றாதீர்கள், புது இடப் பதற்றத்தில் நக்கி நக்கியே தையலைப் பிரித்துவிடும். 4 வயதில் குட்டியும் போடாமல் ஆபரேஷனும் ஆகாமல் இருக்கும் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் வைக்கும் அபாயம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். வீடு மாறாவிட்டாலும் இது செய்ய வேண்டியதுதான்.

மயக்கம் கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை. நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உடம்பில் இருக்கும், நாய் ஓடும், தின்னும், பிளேட்லெட் மட்டும் சரிந்து கிடக்கும். அப்படியே கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. இருப்பது தெரிந்தால் டாக்சிசைக்ளின் 28 நாள் முழுக்கோர்ஸ். பத்தாம் நாள் தெளிவாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் வழக்கமான தப்பு.

16-09-2025 | தென்னந்தோப்பு

மாட்டுக்கு வாங்குன ஐவர்மெக்டின் பாட்டில்லயே நாய்க்கும் உண்ணிக்கு ஊசி போடறாங்களே, அதையும் சொல்லுங்க.

16-09-2025 | ஊசி

போடக் கூடாது. மாட்டு மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். நாய்க்குத் தேவைப்பட்டாலும் அதில் சொட்டுக் கணக்குதான். கை தவறினால் தள்ளாட்டம், கண் தெரியாமல் போவது, வலிப்பு. கோலி (collie) எனும் மேய்ச்சல் நாய் வகைகளுக்குப் பரம்பரையாகவே இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. உண்ணிக்கு மாதம் ஒன்று அல்லது 12 வாரத்துக்கு ஒன்று என்று நாய்க்கே உரிய மாத்திரைகள் இருக்கின்றன, எடைக்கு ஏற்றதை வாங்குங்கள்.

18-09-2025 | மாடிவீடு

ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். ஜூலையில் வேலைக்காரம்மா பையனைக் கையில கடிச்சுது. ஒரு பல் பதிஞ்சுது, ஊசியெல்லாம் போட்டாச்சு, பையன் நல்லா இருக்கான். இதைப் புது வீட்டில் சொன்னா யார் எடுப்பாங்க?

18-09-2025 | கயிறு

சொல்லாமல் கொடுத்தால் திரும்பி வரும். அல்லது வராமல் நடுரோட்டில் இறங்கும். இந்த ஒன்றில் மட்டும் பேரம் கிடையாது.

சொல்வதில் ஒரு முறை இருக்கிறது. "கடிக்கும்" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. எந்தத் தேதி, எந்த இடம், அதற்கு முன் இரண்டு நிமிடம் என்ன நடந்தது, உறுமியதா, தோல் கிழிந்ததா, ஒரு கடியோடு விட்டதா. இதை ஒரு தாளில் எழுதிப் புது வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள். சோற்றுத் தட்டில் கை வைத்ததற்கு ஒரு தடவை கடித்து உடனே விட்ட நாயும், நடந்து போகிற குழந்தையைத் துரத்தித் திரும்பத் திரும்பக் கடிக்கிற நாயும் ஒன்றில்லை. முதலாவதற்குப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு கிடைக்கும். இரண்டாவதை வேறு வீட்டுக்குத் தள்ளுவது பிரச்சினையைக் கை மாற்றுவதுதான். அங்கே நாய் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அந்தப் பேச்சு எப்போதும் நாம் விரும்புகிற இடத்தில் முடியாது.

18-09-2025 | ஊசி

அதற்கும் முன்னால் காதைப் பாருங்கள். தொங்குகாது லேப்ரடாருக்குக் காதுச் சீழ் சர்வசாதாரணம். பையன் தலையைத் தடவ வந்தானா? வலிக்கிற காதில் கை பட்டால் எந்த நாயும் திரும்பும். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, காதைத் தரையில் தேய்ப்பது, புளித்த மாவு வாடை, இதில் ஒன்று இருந்தால் மூன்று வாரம் வைத்தியம் பார்த்துவிட்டு அப்புறம் நாயின் குணத்தைப் பற்றிப் பேசலாம்.

படிக்கிற மற்றவர்களுக்கும்: கடித்த நாயை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 10 நாள் அது கண்முன்னால் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் நாய் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். கடிபட்டவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே முதல் ஊசி.

19-09-2025 | மாடிவீடு

காதுதான். இடது காது. டாக்டர் பார்த்துட்டு "எவ்வளவு நாளா இப்படி?"ன்னு கேட்டார், பதில் இல்லை.

19-09-2025 | கயிறு

அப்படியானால் ஒரு கேள்வி. ஜெர்மனிக்கு ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை? இழை ஆரம்பித்ததிலிருந்து யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

19-09-2025 | மாடிவீடு

லட்சக்கணக்கில் ஆகும், ஆறு மாசம் அடைச்சு வைப்பாங்கன்னு சொன்னாங்க.

20-09-2025 | ஊசி

ஆறு மாத அடைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. காகிதம் சரியாக இருந்தால் விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போகலாம். காத்திருப்பதெல்லாம் இங்கே, கிளம்பும் முன்.

வரிசை முக்கியம். முதலில் மைக்ரோசிப், 15 இலக்க எண். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே தோலுக்கடியில், அரிசி மணி அளவு. சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் தடுப்பூசிதான் கணக்கில் வரும். மார்ச்சில் போட்டு செப்டம்பரில் சிப் வைத்தால் மார்ச் ஊசி செல்லாது, மறுபடி போட வேண்டும். ஊசிக்கு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 ஐயுவுக்கு (சர்வதேச அலகு) குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் முடிந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

உங்கள் கணக்கு: சிப்பும் ஊசியும் 22-09 திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் 22-10க்குப் பிறகு, 23-10 என்று வையுங்கள். மூன்று மாதம் முடிவது 23-01-2026. கருத்தடையை இந்த இடைவெளியிலேயே முடித்துவிடலாம்.

20-09-2025 | கயிறு

இதில் ஒரு பொறி. சொந்த நாயாகக் கொண்டு போகும் வழியில் உரிமையாளர் பயணத்துக்கும் நாய் பயணத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. தாண்டினால் வியாபாரச் சரக்கு விதி, காகிதமும் செலவும் வேறு. ஜனவரி 5ஆம் தேதி வேலையில் சேர்ந்துவிட்டு நாயை மாதக் கடைசியில் யாரோடாவது அனுப்பு என்பது நடக்காது. சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள், அல்லது மாதக் கடைசியில் ஒரு தடவை வந்து போங்கள்.

கூண்டை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், நீட்டிப் படுக்க வேண்டும். நான்கு மாதமும் கூடத்தில் கதவு திறந்தபடி கிடக்கட்டும், சோறு அதற்குள்ளேயே. மயக்க மாத்திரை கொடுத்து ஏற்றலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், மேலே போனதும் ரத்த அழுத்தம் இறங்கினால் பார்க்க ஆள் கிடையாது.

21-09-2025 | தென்னந்தோப்பு

அங்க போனா நாயைப் போதுமான அளவு வெளிய கூட்டிட்டுப் போகோணும்னு சட்டமே இருக்காமா. நாய்க்கு வரி வேற கட்டோணும். நம்ம சொந்தக்காரர் தோட்டத்தை விடக் கறாரா இருக்கும் போல.

29-09-2025 | கயிறு

இழையைப் படித்துவிட்டு வேறு நாய்களோடு வந்து கேட்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

கைமாற்றும் நாள். வண்டி ஏற 3, 4 மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாந்தி. துவைக்காத பழைய போர்வை கூடவே போகட்டும், வாசனைதான் அதற்கு வீடு. புது வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் முதல் சந்திப்பு தெருவில், இரண்டையும் கயிற்றில் பிடித்து இணையாக இருபது நிமிடம் நடை. பிறகு உள்ளே. தட்டு, எலும்பு, பந்து எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

முதல் வாரம் குளிப்பாட்டாதீர்கள். புது நாய் வந்தால் ஷாம்பு போடுவது நம்மவர்களுக்குக் கிருகப்பிரவேசம் மாதிரி. வேண்டாம். சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதும் வேண்டாம். பழைய வீட்டுச் சாப்பாடே 7 நாள், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய்க்கு ஒரே நாளில் விலையுயர்ந்த உலர்தீனி போட்டால் கூடம் முழுக்க வயிற்றுப்போக்கு. "இந்த நாய்க்கு ஏதோ வியாதி" என்று மூன்றாம் நாளே திருப்பி அனுப்புவதில் பாதி இதனால்தான்.

முதல் மூன்று வாரம் கயிறில்லாமல் வெளியே விடவே கூடாது. புது வீட்டிலிருந்து தப்பும் நாய் பழைய வீட்டைத் தேடி ஓடும். துரத்தினால் இன்னும் ஓடும். தப்பிய இடத்தில் பழைய போர்வையைப் போட்டு, பழைய உரிமையாளரை வரவழைத்து உட்கார வையுங்கள்.

கட்டளைச் சொற்களை எழுதிக் கொடுங்கள். தமிழர்கள் பிள்ளையைத் தமிழில் திட்டுவார்கள், நாயிடம் மட்டும் "சிட்", "கம்", "நோ". அந்த நாயிடம் போய் "உக்காரு" என்றால் அது உங்களைப் பாவமாகப் பார்க்கும். காது கேட்கவில்லை என்று புகார் வரும்.

30-09-2025 | தென்னந்தோப்பு

கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாட்டு வேட்டை நாய்க்குச் சாதாக் கழுத்துப்பட்டை போடாதீங்க. தலையை விடக் கழுத்து தடிமன், பின்னால ஒரு இழுப்பு இழுத்தா பட்டை உங்க கையில, நாய் அடுத்த ஊர்ல. இழுத்தா இறுகுற மார்ட்டிங்கேல் பட்டை போடோணும். மொதல் மாசம் பட்டைக்கு ஒண்ணு, நெஞ்சு வாருக்கு ஒண்ணுன்னு ரெண்டு கயிறு.

02-10-2025 | கயிறு

தீபாவளி 20ஆம் தேதி. அதற்கு முன் இரண்டு வாரமும் பின் ஒரு வாரமும் எந்த நாயையும் வீடு மாற்றாதீர்கள். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்கள் எல்லாம் அந்த வாரத்தில்தான்.

09-11-2025 | மாடிவீடு

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் எங்க அசோசியேஷன்ல "எல்லா நாயையும் காலி பண்ணுங்க"ன்னு போர்டு. வீட்டு நாய்க்கும் அது பொருந்துமா?

09-11-2025 | ஊசி

பொருந்தாது. நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் உள்ள தெருநாய்களைப் பற்றியது. அங்கே பிடித்த நாய்களைத் திரும்ப அதே இடத்தில் விடக் கூடாது என்கிறது. ஆகஸ்ட் 22 உத்தரவில் ஒரு வரி இந்த இழைக்குப் பொருந்தும்: தெருநாயைத் தத்தெடுக்க மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்தபின் அது தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. வீட்டு நாயை அசோசியேஷன் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலே இருக்கிறது.

மாநகராட்சி உரிமம் எடுத்துவிட்டீர்களா? 50 ரூபாய், சிப் கட்டாயம். உங்களுக்குத்தான் சிப் இருக்கிறதே. சிலர் நினைப்பதுபோல் அதில் ஜிபிஎஸ் கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. கருவியை வைத்தால் எண் தெரியும், அவ்வளவுதான். நாய் கைமாறினால் பதிவில் பெயரும் போன் எண்ணும் மாற வேண்டும். மாற்றாத சிப் இருந்தும் இல்லாத மாதிரி.

22-11-2025 | மாடிவீடு

ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது, 0.5க்கு நல்லாவே மேல. கம்பெனி பிப்ரவரி 2 வரை தள்ளிக் கொடுத்துடுச்சு. ஜனவரி 27க்கு டிக்கெட். பள்ளிக்கரணையில் மத்திய அரசு விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சான்றிதழ் வாங்கணுமாம். எத்தனை நாள் முன்ன போகணும்?

22-11-2025 | ஊசி

சான்றிதழில் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். 20ஆம் தேதி வாக்கில் போனால் சரியாக இருக்கும், ஆனால் அதற்கு நேரம் வாங்குவதை ஜனவரி முதல் வாரமே செய்துவிடுங்கள், பொங்கல் விடுமுறை குறுக்கே வருகிறது.

இன்றைக்கே ஒரு வேலை. டாக்டரிடம் போய்ச் சிப்பைக் கருவி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த 15 இலக்கத்தைத் தடுப்பூசிப் புத்தகத்தோடும் ரத்த அறிக்கையோடும் ஒவ்வொரு எண்ணாக, விரல் வைத்து ஒப்பிடுங்கள். கையால் எழுதிய 1 எங்காவது 7 ஆகியிருந்தால் திருத்திய அறிக்கை வரவே மூன்று வாரம் ஆகும்.

23-11-2025 | மாடிவீடு

புத்தகத்தில் பத்தாவது எண் தப்பு.